பாண் வந்த வழி

இலங்கைக் கரையில் போர்த்துக்கீசர் முதன்முதலாக வந்திறங்கிய செய்தியைச் சிங்கள வரலாற்று நூலாகிய இராசாவலிய சுவைபடக் கூறுகின்றது. 1505 ஆம் ஆண்டிலே லொரென்சோ த அல்மெய்தா என்பவனுடைய கப்பல்கள் காற்றினால் அலைக்கழிக்கப்பட்டு இத்தீவின் கரையை அடைந்தன. கொழும்புத் துறையிலிருந்தோர் கோட்டே அரசனிடம் விரைந்து சென்று, வெண்ணிற மக்கள் சிலர் வந்திருக்கின்றனர், இரும்புச் சட்டையும் இரும்புத் தொப்பியும் அணிந்திருக்கின்றனர், ஓரிடத்தில் நில்லாது அங்குமிங்கும் உலாவுகின்றனர், கல்லைத் தின்று இரத்தத்தைக் குடிக்கின்றனர் என்று அறிவித்தனராம். இரத்தம் எனப்பட்டது செந்நிறத் திராட்சை மது. கல் எனப்பட்டது பாண்.

இக்கதையைக் கேட்டு நகைப்போர் பலர். ஆயினும் அன்று அரசனிடம் ஓடியவர்கள் பெரும்பிழை எதனையும் செய்துவிட்டனர் எனல் பொருந்தாது. மாதக்கணக்காகக் கடலிற் செல்லும் கப்பலில் மென்மையான பாணை வைத்திருத்தல் இயலாது, பூஞ்சணம் பிடித்துவிடும். ஆகவே கோதுமை மாவைப் பிசைந்து சுட்டு, மறுபடியும் சூட்டிலே வைத்து, ஈரப்பசை முழுவதையும் போக்கிய கடினமான அப்பத்தையே மாலுமிகள் உண்டனர். இருமுறை சுடப்பட்டது என்பதே அதன் பெயருக்குப் பொருள். அப்பெயரே தமிழில் விசுக்கோத்து என வழங்குகின்றது. லிஸ்பன் நகருக்கு எதிரே, தேஜோ ஆற்றின் மறுகரைப் பக்கத்திலுள்ள வாலே த செப்ரோ என்னும் இடத்திலே, நெடுந்தூரம் செல்லும் கப்பல்களுக்கு விசுக்கோத்துச் சுடுவதற்கென்றே அரசாங்கப் போறணைகள் இருந்தன. அந்த விசுக்கோத்தை நீரிலோ மதுவிலோ நனைத்தாலன்றி அதிற் பல் இறங்காது. சோறுண்ணும் நாட்டவர் அதனைக் கல்லென்று கண்டது அவர் கண்ணின் குற்றமன்று.

போர்த்துக்கீச மொழியிற் பாணைக் குறிக்கும் சொல் மூக்கொலியோடு முடிவது. இலத்தீன் மொழியின் 'பானிஸ்' என்னும் சொல்லே அதன் தாய். பிரெஞ்சு, இத்தாலிய, ஸ்பானிய மொழிகளிலும் அத்தாயின் பிள்ளைகளே இன்றும் வழங்குகின்றன. ஸ்பானியர் தம் சொல்லைப் பிலிப்பைன் தீவுகளுக்குக் கொண்டு சென்றனர். அங்கே காலையுணவாகிய சிறு பாணுக்கு, உப்புப் பாண் எனப் பொருள்படும் 'பான் தெ சால்' என்று பெயர். போர்த்துக்கீசர் விட்டுச் சென்ற சொல் கோவாவிலும் பம்பாயிலும் 'பாவ்' ஆயிற்று; சிங்களத்தில் 'பான்' ஆயிற்று; யப்பானிய மொழியில் 'பன்' ஆயிற்று; இலங்கைத் தமிழில் 'பாண்' ஆயிற்று. யாழ்ப்பாணம் என்னும் பெயரிலுள்ள பாணுக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. அது இசை வல்ல பாணரின் பாண். தமிழகத்தார் இப்பண்டத்தை ரொட்டி என்பர். இலங்கையில் ரொட்டி என்றால் மாவுடன் தேங்காய்ப்பூச் சேர்த்துத் தட்டிச் சுடுவது. தமிழகத்து விருந்தினர் ரொட்டி கேட்டு, வந்ததைக் கண்டு திகைப்பதுண்டு.

போர்த்துக்கீசருக்கு இது வயிற்றுக்குரிய பண்டம் மாத்திரமன்று. கத்தோலிக்கத் திருப்பலிக்குக் கோதுமை அப்பமும் திராட்சை மதுவுமே உரியன. அரிசி மாவும் கள்ளும் அவற்றின் இடத்தில் நிற்க முடியா. ஆதலின், அவர் கோயில் எழுப்பிய துறைகளுக்கெல்லாம் கோதுமையும் உடன் சென்றது. பலிபீடத்து அப்பம் புளிக்காத மாவினால் ஆவது. நாளாந்தம் உண்ணும் பாணோ பொங்கி எழவேண்டும். அதற்குப் புளிப்பு வேண்டும். 1510 ஆம் ஆண்டிற் கோவாவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசர் அப்புளிப்பைத் தென்னையிலே கண்டனர். கள்ளிலே இயல்பாக நொதியம் வாழ்கின்றது; அதனை மாவிற் கலந்தால் மா பொங்கும். கோவாவின் பாண் சுடுவோர் நெடுங்காலம் கள்ளையே பயன்படுத்தினர். அப்பத்துக்குக் கள் விடும் யாழ்ப்பாணத்தாருக்கு இதில் வியப்பொன்றும் இராது. ஐரோப்பியப் பண்டம் ஒன்று கீழைநாட்டு மரத்தின் சாற்றினால் உயிர்பெற்ற முதற் சந்தர்ப்பங்களுள் இதுவும் ஒன்று.

யப்பானில் அதே பாணுக்கு நேர்ந்த கதி வேறு. 1543 ஆம் ஆண்டிலே தனேகசீமா என்னும் தீவில் இறங்கிய போர்த்துக்கீசர் துப்பாக்கியை அந்நாட்டுக்கு அறிமுகஞ் செய்தனர். 1549 இல் புனித சவேரியார் ககோசிமாவை அடைந்தார். 1571 இல் நாகசாக்கித் துறை திறந்தது. வணிகரோடும் குருமாரோடும் பாணும் அங்கே குடியேறியது. ஆனால் ஆட்சியாளரின் ஐயம் வளர்ந்தது. 1614 ஆம் ஆண்டிற் கிறித்தவ சமயம் நாடெங்கும் தடைசெய்யப்பட்டது. 1639 இல் போர்த்துக்கீசக் கப்பல்களின் வருகையே முற்றாக நிறுத்தப்பட்டது. பாண் கிறித்தவரின் உணவு என்று பெயர் பெற்றிருந்தமையால் அதுவும் மக்கள் வாழ்விலிருந்து மறைந்தது. நாகசாக்கியின் தெசீமா என்னும் சிறு செயற்கைத் தீவில் அடைபட்டிருந்த ஒல்லாந்த வணிகருக்காக மட்டும் ஓரளவு சுடப்பட்டு வந்தது. தடைக்குத் தப்பியது ஓர் இனிப்பு. முட்டை, சீனி, மா ஆகிய மூன்றையும் அடித்துச் சுடும் அப்பண்டத்துக்கு ஸ்பெயினின் காஸ்டீல் நாட்டுப் பெயரையொட்டிக் 'கஸ்தெரா' என்று பெயர். வெண்ணெய் சேராத அந்தக் கேக்கை நாகசாக்கியார் தம்முடையதாகவே கொண்டுவிட்டனர்.

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளின் பின் பாணை யப்பானுக்கு மீட்டுக் கொணர்ந்தது சமயமுமன்று, வணிகமுமன்று; போர்ப்பயம். அபினிப் போரிற் சீனம் ஆங்கிலேயரிடம் தோற்ற செய்தி யப்பானியரைக் கலங்கச் செய்தது. நிராயாமாவின் அதிகாரியாகிய எகாவா கிதெதாத்சு என்பார் கரையோரக் காவலைப்பற்றிச் சிந்தித்தவர். போர்க்களத்தில் வீரர் சோறு சமைத்தால் புகை எழுந்து இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கும், சோறு நெடுநாள் இராது, சுமக்கவும் எளிதன்று. எனவே 1842 ஆம் ஆண்டு ஏப்பிரில் 12 ஆந் திகதி அவர் தம் இல்லத்திலே கடினமான படைப்பாண் சுடுவித்தார். அந்நாளை யப்பானியப் பாண் தொழிலாளர் இன்றும் நினைவுகூர்கின்றனர். இராசாவலியக் கல் மறுபடியும் தலைகாட்டியது எனலாம்.

ஆனாற் கல்லை எவரும் விரும்பி உண்பதில்லை. பாணை யப்பானியரின் நாவுக்கு இசைவித்த பெருமை கிமுரா யாசுபே என்பவருக்கு உரியது. சாமுராய் வகுப்பினராகிய இவர், பழைய ஆட்சிமுறை வீழ்ந்து தம் வகுப்பாரின் தொழில் போனபின், 1869 இல் தோக்கியோவிற் பாண் கடை திறந்தார். ஐரோப்பிய நொதியம் கிடைப்பது அரிதாயிருந்தது. கிடைத்தாலும் அதன் புளிப்பு மணத்தை மக்கள் விரும்பவில்லை. கிமுரா சாக்கே என்னும் அரிசி மது வடிக்க உதவும் புளிப்பையே மாவிற் சேர்த்தார். 1874 ஆம் ஆண்டில் அம்மாவினுள்ளே சிவப்புப் பயற்றினிப்பைப் பொதிந்து சுட்டார். 'அன்பன்' என்னும் அப்பண்டம் 1875 ஏப்பிரில் 4 ஆந் திகதி, நடுவில் உப்பிட்ட சேரிப்பூ ஒன்று பதிக்கப்பெற்று, மெய்சிப் பேரரசருக்குப் படைக்கப்பட்டது. கோவாவிலே கள் செய்த வேலையைத் தோக்கியோவில் அரிசிப் புளிப்புச் செய்தது.

இலங்கைக்கு மீள்வோம். 1619 ஆம் ஆண்டில் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கீசர் கைப்பட்டது. 1658 இல் ஒல்லாந்தர் அவர்களை வெளியேற்றினர். நாற்பதாண்டு கூட நிறையாத அவ்வாட்சியின் கோட்டைகள் இடிந்தன, கோயில்கள் மாற்றப்பட்டன, சொற்கள் மட்டும் வீட்டுக்குள்ளே தங்கின. குசினி, மேசை, வாங்கு, கோப்பை யாவும் அவர் மொழியின. அடுப்பைக் குறிக்கும் அவர்கள் சொல்லே பாண் சுடும் போறணை ஆயிற்று. பாணை அளக்கும் றாத்தல் என்னும் சொல்லும் அரபு மொழியிற் பிறந்து அவர்கள் வாய்வழி வந்ததே. பின்வந்த ஒல்லாந்தர், முந்திரிகை வற்றல் சேர்த்து, வரியிட்ட அச்சிற் சுடும் புறூடர் என்னும் பண்டத்தைத் தந்தனர். பறங்கியர் இல்லங்களில் நத்தார்க் காலையிலே அதனைப் பாற்கட்டியுடன் உண்பது வழக்கம். ரவையும் மரமுந்திரிகைப் பருப்பும் பன்னீரும் சேரும் லவ் கேக்கின் வேரைப் போர்த்துக்கீசரிடத்திலே காண்பர்.

இவையெல்லாம் விழாப் பண்டங்கள், சிலருடைய மேசைக்குரியன. உழைக்கும் மக்களின் கையிற் பாணைக் கொடுத்தது இருபதாம் நூற்றாண்டின் பஞ்சமே. இலங்கை உண்ட அரிசியிற் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1942 ஆம் ஆண்டில் யப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியதும் அவ்வழி அடைபட்டது. பாணை விலக்கிப் படைக்காகவே மீட்டெடுத்த அந்நாட்டின் படையெடுப்பே இலங்கையரைப் பாணுக்குப் பழக்கியது என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. அரிசி பங்கீட்டுக்குள் வந்தது. குறையைக் கோதுமை மா நிரப்பியது. போர் முடிந்தும் பழக்கம் முடியவில்லை. விடியுமுன் வேலைக்குச் செல்வோருக்குப் பாணும் சம்பலும் எளிதாயின; அடுப்பு மூட்ட வேண்டுவதில்லை. போரிலே தோற்ற யப்பானின் பள்ளிச் சிறுவர் அமெரிக்கக் கோதுமையிற் சுட்ட பாணை மதிய உணவாகப் பெற்றனர். யாழ்ப்பாணத்துக் குசினிகளிலோ கோதுமை மாவுக்கு 'அமெரிக்கன் மா' என்றே பெயர் வழங்கிற்று.

பெயரே நிலைமையை உரைக்கின்றது. கள்ளைக் கோவா கொடுத்தது. பயற்றையும் அரிசிப் புளிப்பையும் யப்பான் கொடுத்தது. இலங்கையிற் சொல் வேரூன்றியது, கோதுமை வேரூன்றவில்லை. இத்தீவின் வெப்பமும் மழையும் அப்பயிருக்கு ஒவ்வா. ஆகவே கப்பல் தாமதித்தாற் போறணை ஆறும். 1973 ஆம் ஆண்டில் உலகச் சந்தையிற் கோதுமை விலை ஏறியபோது, பாண் கடைகளின் முன் விடியுமுன்னரே வரிசைகள் நீண்டன. சிங்கப்பூர் நிறுவனமொன்றுடன் 1977 இல் ஒப்பந்தம் செய்யப்பட்டு, 1980 இல் திருகோணமலையிற் பெரிய மா ஆலை இயங்கத் தொடங்கியது. அதன்பின் மாவுக்குப் பதிலாகக் கோதுமை மணி கப்பலில் வந்தது, மாறியது அவ்வளவே. 1994 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில், ஒரு றாத்தல் பாண் 3 ரூபா 50 சதம் என்னும் வாக்குறுதி மேடைதோறும் ஒலித்தது. நெல்விளையும் நாட்டிலே பாணின் விலை ஆட்சிமாற்றத்தின் பேச்சாகும் நிலை வந்திருந்தது.

பேக்கரிக்கு வெதுப்பகம் என்ற நல்ல தமிழ்ப்பெயர் பிற்காலத்திற் பெயர்ப்பலகைகளில் ஏறி, ஓரளவு நிலைத்தும் விட்டது. பாணுக்கு வெதுப்பி என்ற பெயரையும் சிலர் முயன்று பார்த்தனர். பலகையைப் படித்துவிட்டு உள்ளே சென்றவர்களோ பாண் என்றே கேட்டனர். எடை கிராமுக்கு மாறி, ஒரு பாண் 450 கிராம் எனச் சட்டம் வகுத்தபோதும், றாத்தல் என்ற சொல் போகவில்லை.

இக்காலத்தில் ஊர்த்தெருக்களிலே காலையும் மாலையும் முச்சக்கர வண்டியொன்று வருகின்றது. பின்புறத்துக் கண்ணாடிப் பெட்டியில் றாத்தல் பாண், மீன் வைத்த மாலுபாண், முதலை வடிவிற் சுட்டுச் சீனி தூவிய கிம்புலா பணிஸ் என்பன அடுக்கப்பட்டிருக்கும். அதனைச் சூன் பாண் என்பர். வண்டியின் ஒலிபெருக்கியிற் பெரும்பாலும் ஒலிப்பது, செருமானிய இசைமேதை பேதோவன் 1810 ஆம் ஆண்டில் எலீசா என்னும் பெண்ணின் பெயரால் அமைத்த பியானோ இசை. இயற்றியவர் பெயரை அறியாத சிறுவரும் அவ்விசை கேட்ட மாத்திரத்திற் காசோடு படலையடிக்கு ஓடிவருகின்றனர்.