ஒரு கம்பி, எட்டுக் கம்பி

1980இல் கலிபோர்னியாவின் சீகேட் நிறுவனம் எஸ்டி-506 என்ற ஹார்ட் டிஸ்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கொள்ளளவு 5 மெகாபைட். தரவு வெளியே வந்த வேகம் நொடிக்கு 5 மெகாபிட். அதே ஆண்டு செப்டம்பரில் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் மூன்றும் சேர்ந்து ஈதர்நெட்டின் விதிமுறைகளை வெளியிட்டன. அதன் வேகம் நொடிக்கு 10 மெகாபிட். டிஸ்கைவிட நெட்வொர்க் இரு மடங்கு என்று அன்றைக்கு எவரும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். இரண்டும் ஒரே அலகில் பேசின.

காரணம் கம்பியில் இருந்தது. டிஸ்கின் தலை காந்தத் தட்டிலிருந்து பிட்களை ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கிறது. எஸ்டி-506இன் கேபிளில் கம்பிகள் பல ஓடினாலும், வாசித்த தரவு வந்தது ஒரே ஓர் இணையில்தான். ஈதர்நெட்டின் தடித்த கேபிளிலும் அப்படியே. வரிசையில் வருவதை ஒவ்வொன்றாக எண்ணித்தானே கணக்கிட வேண்டும்?

இந்த ஒற்றுமை நீடிக்கவில்லை. 1979 முதலே ஷுகார்ட் அசோசியேட்ஸ் நிறுவனத்தில் லாரி பவுச்சரும் உடன் இருந்தவர்களும் சாஸி என்ற வேறொரு இணைப்பை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் தரவுக்கு எட்டுக் கம்பிகள். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு முழு பைட் தாண்டிப் போகும். ஒரு நிறுவனத்தின் பெயரைப் பொதுத் தரநிலைக்கு வைக்க முடியாது என்பதால் அது ஸ்கஸி ஆனது. 1986இல் அமெரிக்கத் தரநிலையாக வந்தபோது அதன் உச்ச வேகம் நொடிக்கு 5 மெகாபைட். ஐம்பது லட்சம் துடிப்பு, துடிப்புக்கு ஒரு பைட். நம்மூரில் எட்டுப் படி சேர்ந்தால் ஒரு மரக்கால் என்பார்களே, அதுபோல ஒரு தரப்பு படியிலேயே நிற்க, மறுதரப்பு மரக்காலுக்கு மாறிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், ஷுகார்ட் அசோசியேட்ஸை 1977இலேயே வாங்கியிருந்தது ஈதர்நெட் பிறந்த அதே ஜெராக்ஸ். பிட்டும் பைட்டும் ஒரே முதலாளியின் கூரைக்குக் கீழேதான் பிரிந்தன. சீகேட்டைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆலன் ஷுகார்ட்டின் பெயர்தான் அந்தப் பழைய நிறுவனத்துக்கும். அவர் அதிலிருந்து 1974இலேயே வெளியேறிவிட்டார்.

அதற்குப் பிறகு சர்வர் அறையில் இருந்தவர்களுக்கு எட்டால் வகுப்பதே வேலையானது. 10 மெகாபிட் ஈதர்நெட் என்றால் 1.25 மெகாபைட், ஸ்கஸியில் கால்வாசிதான். 1995இல் 100 மெகாபிட் வந்தது: 12.5 மெகாபைட். டிஸ்க் தரப்போ கம்பிகளைப் பதினாறாக்கி, துடிப்பையும் கூட்டி 40 மெகாபைட்டுக்குப் போய்விட்டது. செப்புக் கம்பியில் ஜிகாபிட் ஈதர்நெட் 1999இல் தரநிலையானபோதுதான் இடைவெளி சுருங்கியது. அதன் 125 மெகாபைட்டும், மலிவான கணினிகளில் இருந்த ஏடிஏ டிஸ்க் இணைப்பின் கடைசி வேகமான 133 மெகாபைட்டும் ஏறக்குறைய இரட்டைப் பிள்ளைகள். 133ஐ எட்டால் பெருக்கினால் 1,064 மெகாபிட்.

ஆனால் 125 என்பது காகிதக் கணக்கு. ஈதர்நெட் சட்டகம் ஒன்றில் 1,460 பைட் தரவு போக, முகவரி, சரிபார்ப்பு, இடைவெளி எல்லாம் சேர்த்துக் கம்பியில் 1,538 பைட்டுக்கான நேரம் செலவாகிறது. மிஞ்சுவது சுமார் 118.7 மெகாபைட். கோப்பு நகலெடுக்கும் பெட்டி மெகாபைட்டை 10,48,576 பைட்டாக எண்ணும் வகை என்றால், அதே வேகம் திரையில் 113 ஆகிவிடும். எதுவும் பழுதாகவில்லை, அளவுகோல் மட்டும் மாறியிருக்கிறது.

இந்த எட்டும் ஒரு நாள் கைவிட்டது. துடிப்பு வேகம் கூடக்கூட, பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளில் புறப்பட்ட பிட்கள் ஒரே நேரத்தில் வந்து சேருவது கடினமானது. 2003 வாக்கில் சந்தைக்கு வந்த சாட்டா டிஸ்க்குகள் மீண்டும் ஒற்றை வரிசைக்குத் திரும்பின. வேகம் 1.5 ஜிகாபிட். எட்டால் வகுத்தால் 187.5 வர வேண்டும். விவரத்தாளிலோ 150 மெகாபைட்.

விடை 1983இல் ஐபிஎம்மின் விட்மரும் ஃபிரானாசெக்கும் வெளியிட்ட குறியீட்டு முறையில் இருக்கிறது. ஒவ்வொரு எட்டுப் பிட்டையும் பத்தாக விரித்து அனுப்பும் முறை அது. தொடர்ந்து சுழியங்களோ ஒன்றுகளோ வந்து பெறும் முனை தாளம் தப்பாமல் இருக்க இந்த ஏற்பாடு. ஆக, பத்தால் வகுக்க வேண்டும். ஒளியிழை ஜிகாபிட் ஈதர்நெட்டிலும் இதே குறியீடுதான். அங்கே இழையில் ஓடுவது 1.25 ஜிகாபிட்; பெயரில் சொல்வது 1 ஜிகாபிட் மட்டும். நெட்வொர்க்காரர்கள் சாக்கு எடையைக் கழித்துவிட்டு விலை சொன்னார்கள், சாட்டாக்காரர்கள் சாக்கோடு நிறுத்தார்கள். இதில் எது நேர்மை என்று கேட்டால், முதலாவதுதான். பழைய மோடம் ஆட்களுக்குப் பத்தால் வகுப்பது ஒன்றும் புதிதல்ல: 300 பிட் மோடத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னும் பின்னும் ஒரு பிட் ஒட்டிக்கொள்ள, நொடிக்கு 30 எழுத்துதான் வரும்.

2004 ஏப்ரலில் ஐ-ஸ்கஸி தரநிலை வெளியானது. ஸ்கஸியின் கட்டளைகளைப் பொட்டலமாகக் கட்டி ஈதர்நெட்டிலேயே அனுப்பும் வழி. பெருக்கல் வகுத்தல் இப்போது வெறும் ஆர்வத்துக்கு அல்ல, கேபிள் வாங்குவதற்கு. இணைக் கம்பி ஸ்கஸியில் பரவலாகப் புழங்கிய கடைசி வேகம் 320 மெகாபைட், அதாவது 2,560 மெகாபிட். ஈடுகட்ட மூன்று ஜிகாபிட் கம்பிகள் வேண்டும். 10 ஜிகாபிட் ஈதர்நெட்டோ 1,250 மெகாபைட், அப்படிப்பட்ட நான்கு ஸ்கஸிகளுக்குச் சற்றுக் குறைவு. அதே காலத்தில் ஸ்கஸியும் அகலமான ரிப்பன் கேபிளை விட்டு ஒற்றை வரிசைக்கு இறங்கிவந்தது. புதிய வடிவத்தின் முதல் வேகத்தை அதன் தயாரிப்பாளர்கள் 3 ஜிகாபிட் என்றே அச்சிட்டார்கள்.