அஜந்தா விதானத்தில் அரக்கு

அஜந்தா விதானங்கள் ஈரச்சுண்ணத்தில் தீட்டியவை அல்ல. பாறைமீது நார் கலந்த மண்பூச்சு, அதன்மேல் மெல்லிய சுண்ணப்பூச்சு, காய்ந்தபின் பசையில் குழைத்த வண்ணம். பசை நைந்தால் வண்ணம் செதில் செதிலாக உரியும். 1920-22இல் ஹைதராபாத் நிஜாம் அரசு செக்கோனி, ஓர்சினி என்ற இரு இத்தாலியர்களை அழைத்துக் கழன்ற சாந்தை ஒட்டவைத்தது. செதில்களை அவர்கள் அரக்கு வார்னிஷால் படியவைத்தார்கள். (முன்பு பிரதியெடுக்க வந்தவர்கள் பூசிய வார்னிஷ் வேறு.) உதிர்வது நின்றது. ஆனால் அரக்கு மஞ்சளித்தது, தூசி படிந்து கறுத்தது. அந்தப் பொன்மங்கலைப் பழமையின் சோபை என்று வியந்த ரசிகர்கள் எவ்வளவு ஓவியத்தை, எவ்வளவு வார்னிஷை ரசித்தார்கள் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். பிற்பாடு தொல்லியல் துறை ரசாயனத்தால் அரக்கைக் கரைக்க முனைந்தபோது, செதில்களைப் பிடித்துவைத்திருந்ததும் அந்த அரக்கேதான்.