ஆர்தர் காட்டன் குடும்பக் கடிதங்கள்

சென்னை மாகாணத்தின் பொறியாளராகக் காவிரியிலும் கொள்ளிடத்திலும் கோதாவரியிலும் அணைக்கட்டுப் பணிகளை நடத்திய சர் ஆர்தர் காட்டன் (1803–1899) குறித்து அவருடைய மகள் எலிசபெத், 1900-இல் லண்டனில் ஒரு வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். இந்தியாவில் பணியாற்றிய பிரிட்டிஷ் பொறியாளர் ஒருவரின் குடும்பக் கடிதங்களையும் குறிப்புகளையும் இவ்வளவு விரிவாகத் தாங்கிய நூல்கள் அரிது. கால்வாயிலும் இருப்புப்பாதையிலும் ஒருசேர உழைத்த பொறியாளர்களின் தாள்களை அமெரிக்காவோ பேணி வைத்திருக்கிறது. டெலவேர்–ஹட்சன் கால்வாயில் பணியாற்றி, பிறகு ரயில்பாதைகளும் நியூயார்க் நகரக் குடிநீர்த் திட்டமும் அமைத்த ஜான் ஜெர்விஸின் தாள்கள் நியூயார்க் மாநிலத்தில் அவருடைய ஊரான ரோம் நகர நூலகத்தில் இன்றும் உள்ளன. தமிழ்நாட்டு ஆறுகளோடு பிணைந்தவர்களில் அந்த இடத்துக்கு உரியவர் காட்டன். அவருடைய குடும்பக் கடிதங்கள் நம்பத்தக்க முதன்மைச் சான்று என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஆனால் அவை சான்று பகர்வது கால்வாய்மீது ஒரு மனிதர் கொண்ட உறுதிக்குத்தான். அந்த உறுதி எந்த நிலத்துக்குப் பொருந்தியது, எதற்குப் பொருந்தவில்லை என்பதை டெல்டாவில் நின்று அறிய முடியாது. கொங்கு நாட்டு வெள்ளகோவில் போன்ற மேட்டுநிலத்தில் நின்று படித்தால்தான் அது விளங்கும்.

குடும்பத்தைத் தெரிந்துகொள்ளாமல் கடிதங்கள் புரியா. ஹென்றி கால்வெலி காட்டனின் பத்தாவது மகன் ஆர்தர். தம்பியர் ஃபிரெடரிக்கும் ஹியூவும் அவரைப்போலவே சென்னைப் பொறியாளர் படையில் சேர்ந்தார்கள். ஆகவே அண்ணன் தம்பிகளுக்குள் நடந்த எழுத்துப் போக்குவரத்து பாதி குடும்பச் செய்தி, பாதி தொழில் விவாதம். 1840-களின் இறுதியில் ஆனைமலைத் தேக்குக் காடுகளை அரசின் கண்காணிப்பில் கொண்டுவந்ததில் ஃபிரெடரிக்குக்குப் பங்குண்டு. பின்னாளில் பரம்பிக்குளம்–ஆழியாறு அணைகள் எழுந்தது அதே மலைத்தொடரில்தான். ஹியூ டாஸ்மேனியாவில் பாசன ஆய்வு செய்தார். உடல்நலம் கெட்டு ஓய்வுக்காக அத்தீவுக்குப் போன ஆர்தர், 1841-இல் அங்கேயே எலிசபெத் லியர்மன்த்தை மணந்தார். மறு ஆண்டு பிறந்த மகள்தான் கடற்படைத் தளபதி சர் ஜேம்ஸ் ஹோப்பை மணந்து லேடி ஹோப் ஆனவர். தந்தையின் வரலாற்றை எழுதியவர். காய்ச்சல், விடுப்பு, கடற்பயணம், மறுபடி வேலை என்றே ஓடியது இக்குடும்பத்தின் வாழ்க்கை. அரசு அறிக்கையில் ஒரு வரியில் முடிந்துவிடும் 'உடல்நலக் குறைவால் விடுப்பு' என்பதற்குப் பின்னால் எவ்வளவு அலைச்சல் இருந்தது என்பதை இத்தகைய தாள்கள்தான் காட்டுகின்றன.

இத்தொகுப்பின் மீது எழக்கூடிய மிகக் கடுமையான ஆட்சேபம் தொகுத்தவரைப் பற்றியது. சார்லஸ் டார்வின் கடைசி நாள்களில் மதத்துக்குத் திரும்பினார் என்று 1915-இல் அமெரிக்கச் சமய இதழ் ஒன்றில் வந்த கதைக்கு மூலம் இதே லேடி ஹோப்தான். டார்வினின் மகள் ஹென்ரியெட்டா அதை முற்றாக மறுத்தார். வரலாற்றாளர்களும் அக்கதையை ஏற்பதில்லை. அப்படிப்பட்டவர் தந்தையின் கடிதங்களை எப்படித் தேர்ந்திருப்பார், எதை விட்டிருப்பார் என்ற ஐயம் நியாயமானதே. பக்தியும் பாசமும் எங்கே மிகுகின்றனவோ அங்கே நூலை எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். ஆனால் டார்வின் கதைக்கும் இந்த நூலுக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. அந்தக் கதைக்கு அவர் வாய்மொழி தவிர வேறு ஆதாரம் இல்லை. காட்டனின் கருத்துகளோ 1854-இல் அவரே அச்சிட்ட இந்தியப் பொதுப்பணிகள் பற்றிய நூலிலும், நாடாளுமன்றக் குழுக்களின் முன் அவர் அளித்த சாட்சியங்களிலும், அரசு அறிக்கைகளிலும் தனியே பதிவாகியிருக்கின்றன. கடிதத்தில் இருப்பதை அவற்றோடு ஒத்துப்பார்க்க வழியிருக்கிறது. நூலின் பஞ்சத்தடுப்புப் பகுதியை எழுதியவரும் மகள் அல்லர்; 1876–78 பஞ்சத்தைச் சென்னையில் பத்திரிகையாளராக நேரில் கண்டு இரண்டு தொகுதிகள் எழுதிய வில்லியம் டிக்பி. மகளின் கை எங்கே ஓங்குகிறது, எங்கே ஓங்க இயலாது என்பதைப் பிரித்தறிய முடிகிற நூல் இது.

வீட்டுக் கடிதத்தில் பொறியியல் என்ன இருக்கப்போகிறது என்பது இரண்டாவது ஆட்சேபம். அளவும் மதிப்பீடும் வேண்டுமானால் அறிக்கைகளைத்தான் பார்க்க வேண்டும், உண்மைதான். ஆனால் காட்டனைப் பொறுத்தவரை விளங்க வேண்டிய புதிர் அளவைப் பற்றியது அன்று. 1837-இல் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டை நோக்கிச் சாலைக்கல் கொண்டுவர அமைந்த, இந்தியாவின் மிகத் தொடக்ககால இருப்புப்பாதை அவருடைய பெயரோடு சேர்ந்தது. அதே மனிதர் பிற்காலத்தில் ரயிலுக்கு எதிராக ஓயாமல் வாதிட்டார். இயந்திரம் பிடிக்காதவர் என்று ஒதுக்க முடியாது. தண்டவாளத்தைப் போட்டுப் பார்த்துவிட்டே பேசினார். இந்த மாற்றத்துக்கு விடை அவருடைய வாழ்க்கைப் போக்கில்தான் கிடைக்கும். முதலில் பாம்பன் கால்வாய் ஆய்வு, அடுத்துக் காவிரி. ஆழம் காண முடியாத மணலில் அடித்தளம் போடுவது எப்படி என்பதைக் கல்லணையைக் கட்டிய பழந்தமிழரிடமிருந்தே கற்றுக்கொண்டதாக அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 1836-இல் முக்கொம்பில் மேலணையும் அணைக்கரையில் கீழணையும் எழுந்தன. சீரழிந்துகொண்டிருந்த தஞ்சைப் பாசனம் நிமிர்ந்தது. 1833-இன் குண்டூர்ப் பஞ்சத்தில் வெறிச்சோடிய கிருஷ்ணா–கோதாவரிக் கரைகளைப் பிறகு கண்டார். 1847-இல் தவளேஸ்வரத்தில் தொடங்கிய அணை 1852-இல் முடிந்ததும் அப்பகுதி செழித்தது. பட்டினியையும் விளைச்சலையும் ஒரே மண்ணில், ஒரே தலைமுறையில் பார்த்த மனிதருக்கு நீர் ஒரு சமயக் கடமை ஆகிவிட்டது. அவர் ஆழ்ந்த கிறிஸ்தவப் பற்றாளர். அரசு அறிக்கையில் அந்தப் பற்று வட்டி விகிதக் கணக்காக உருமாறி நிற்கிறது. வீட்டாரிடம் அது தன் சொந்த முகத்தோடு பேசுகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒழிய அவர் ஏன் எந்த இழப்பைக் கண்டும் பின்வாங்கவில்லை என்பது பிடிபடாது.

பின்வாங்க வேண்டிய இடங்களும் இருந்தன. 1870-களில் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவிடம் அவர் விரித்த திட்டத்தில் இந்தியா முழுவதற்கும் படகுக் கால்வாய்கள் இருந்தன: கங்கையிலிருந்து சிந்து வழியே கராச்சி, கோதாவரியிலிருந்து தபதி வழியே சூரத், பொன்னானியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே கோயம்புத்தூர். கொங்கு நாட்டைத் தொடும் அந்தக் கடைசிப் பாதைதான் நமக்கு முக்கியம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில், ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் மழை பெறும் நிலம் இது. வடக்கே நொய்யல், தெற்கே அமராவதி. இரண்டும் கோடையில் மணலாய்க் கிடப்பவை. இரண்டுக்கும் இடையிலான வெள்ளகோவில், காங்கேயம், மூலனூர் மேட்டில் உழவர் கண்ட வழி வேறு. செம்மண்ணிலும் சரளையிலும் கிணறு வெட்டி, மாடு பூட்டிக் கவலை இறைத்தார்கள். மீதி நிலத்தைக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலமாக விட்டார்கள்: சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், வாயிலில் ஒரு கடவு. காங்கேயம் மாடு உருவானது அந்தப் புல்லில்தான். கவலையில் சால் நிறையத் தண்ணீர் இழுத்ததும் அந்த மாடுதான். நீர் குறைந்த நிலத்துக்கு நூற்றாண்டுகளாகப் பழகிய ஏற்பாடு இது. பொன்னானியிலிருந்து படகு வரும் என்ற நினைப்பில் இந்த ஏற்பாட்டுக்கு இடமே இல்லை. வற்றாத பேராறும் சாய்வான சமவெளியும் தந்த வெற்றியை அவர் இந்தியா முழுவதற்கும் விரித்துப் பார்த்தார். அதன் விலை அவருடைய காலத்திலேயே தெரிந்தது. அவருடைய கருத்தையொட்டி 1863-இல் தனியார் கம்பெனி தொடங்கிய கர்நூல்–கடப்பா கால்வாய், மதிப்பீட்டை மீறிச் செலவு வைத்தது. கரிசல் காட்டு விவசாயிகள் எதிர்பார்த்த அளவுக்கு அந்தத் தண்ணீரை வாங்கவில்லை. 1882-இல் அரசே அதை எடுத்துக்கொள்ள நேர்ந்தது.

அப்படியென்றால் ரயில் பக்கம்தான் நியாயமா என்று கேட்கலாம். கொங்கு நாட்டின் வரலாறு மேலோட்டமாக அப்படித்தான் சொல்கிறது. சென்னையிலிருந்து மேற்குக்கரைக்குப் போன இருப்புப்பாதை 1860-களின் தொடக்கத்தில் ஈரோடு, திருப்பூர், போத்தனூர் வழியே முடிந்தது. அதே பத்தாண்டின் இறுதிக்குள் திருச்சியிலிருந்து கரூர் வழியே ஈரோட்டுக்கு இன்னொன்று வந்தது. திருப்பூர் பருத்திச் சந்தையாகவும், 1920-களுக்குப் பின் பனியன் ஊராகவும் வளர்ந்ததில் அந்த ஸ்டேஷனுக்குப் பெரும்பங்கு உண்டு. இரண்டு பாதைகளுக்கும் நடுவில் விடுபட்ட வெள்ளகோவில், விசைத்தறியையும் எண்ணெய் ஆலையையும் கோவை–கரூர் சாலையின் லாரிகளை நம்பி வளர்த்தது. இவ்வளவும் சரி. ஆனால் ரயில் வந்து பதினைந்து ஆண்டுகளுக்குள் 1876–78 தாது வருஷப் பஞ்சம் வந்தது. கோயம்புத்தூர் மாவட்டம் கடுமையாக அடிபட்டது. ரயில் தானியத்தைக் கொண்டுவந்தது, உண்மை. வாங்கக் காசில்லாதவனுக்கு அதனால் பயனில்லை. ரயில் தண்ணீரைக் கொண்டுவராது என்று காட்டன் திரும்பத் திரும்பச் சொன்னது அந்த இடத்தில் அசைக்க முடியாத வாதம். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அவர் பக்கம் நின்றதும் இந்தக் காரணத்துக்காகத்தான். கால்வாயைப் போக்குவரத்துக்கு நம்பியதில் காட்டன் தவறினார். பஞ்சத்துக்கு மருந்து விளைச்சலில் இருக்கிறது, சரக்கு வண்டியில் இல்லை என்றதில் தவறவில்லை. இந்த இரண்டையும் பிரிக்காமல் அவரை ஒரேயடியாகப் புகழ்வதும், ரயில் வென்றதைக் காட்டி ஒரேயடியாக ஒதுக்குவதும் சான்றுக்கு ஒவ்வாதவை.

மேட்டுநிலத்துக்குக் கால்வாய் கடைசியில் வந்தது, ஆனால் வேறு விதியின் கீழ். 1958 நவம்பர் முதல் செல்லுபடியாகும்படி 1970-இல் தமிழ்நாடும் கேரளமும் கையெழுத்திட்ட பரம்பிக்குளம்–ஆழியாறு உடன்படிக்கை, மேற்கே ஓடும் ஆற்றுநீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியது. ஏறத்தாழ 3.77 லட்சம் ஏக்கருக்கு அந்த நீரை நான்கு மண்டலமாகப் பிரித்து முறைவைத்து விடுகிறார்கள். ஒரு மண்டலத்துக்குத் தண்ணீர் திரும்பி வர இரண்டு ஆண்டாகும். காங்கேயம்–வெள்ளகோவில் பகுதி அதன் கடைமடை. தங்கள் பங்குத் தண்ணீர் வந்து சேரவில்லை என்று இங்குள்ள விவசாயிகள் பலமுறை போராடியிருக்கிறார்கள். ஊருக்கு அருகிலுள்ள வட்டமலைக்கரை ஓடை அணையும் பல ஆண்டுகள் காய்ந்து கிடந்தது. காட்டனின் தாள்களில் மையமாக நிற்பது தலைமடை: எங்கே அணை, எவ்வளவு உயரம், எத்தனை ஏக்கர். கடைமடையில் நிற்கும் உழவனின் கேள்வி தண்ணீரை யார் எடுத்தார், எந்த மடையில் மறித்தார் என்பது. மண் சுமந்தவர், கல் உடைத்தவர், மடை திறந்தவர் ஆகியோரின் வீட்டுக் கடிதங்கள் நூலானதில்லை. காட்டனின் குடும்பத்துக்குக் கிடைத்த பேனாவும் பெட்டியும் பதிப்பாளரும் அவர்களுக்கு வாய்க்கவில்லை. ஆகவே இத்தொகுப்பைப் பயன்படுத்தும் ஆய்வாளர், அதன் அருகில் கிராமக் கணக்குகளையும், பாசனச் சங்கங்களின் மனுக்களையும், பொதுப்பணித் துறையின் முறைப்பாசனப் பதிவேடுகளையும் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.