ஆமைக்கு வாய்க்காத அப்பன்

அகநானூற்றின் 160-ஆம் பாட்டை விலங்கியல் வகுப்பில் நடத்திய வாத்தியார் நாகை மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். குமுழிஞாழலார் நப்பசலையார் பாடியது. சூல் முதிர்ந்த ஆமை, அடும்பங்கொடி சிதைய, கழியோர மணல்மேட்டில் முட்டையிட்டு மறைத்துவிட்டுப் போகிறது. குஞ்சு வெளிவரும்வரை அதன் ஆண் காவல் இருக்கிறது. முன்பாதி அப்படியே எங்கள் கரை. வேளாங்கண்ணியிலிருந்து வெள்ளையாற்று முகத்துவாரத்தைத் தாண்டினால் செருதூர்; அங்கிருந்து தெற்கே கோடியக்கரை வரைக்கும் தை பிறந்தால் பங்குனி ஆமை ஏறுகிற மணல். பின்பாதிதான் இடிக்கிறது. கடலாமையில் ஆண் முட்டைப் பக்கம் எட்டிப் பார்ப்பதே கிடையாது.

தாய் மட்டும் என்ன வாழ்கிறது? இருட்டில் ஏறி, பின்துடுப்பு இரண்டாலும் மாற்றி மாற்றி மணலை அள்ளி, வாய் குறுகி அடி அகன்ற குழியை முழங்கை ஆழத்துக்குத் தோண்டும். நூறு, நூற்றிருபது முட்டை விழும். மணலைத் தள்ளி மூடி, உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டி, அடி ஓட்டால் தொப்புத் தொப்பென்று தட்டி இறுக்கும். ஒரு மணி நேரத்துக்குள் கடலுக்குள் போய்விடும். 45 முதல் 60 நாள் கழித்துக் குஞ்சுகள் மேலே வரும்போது அது எங்கே இருக்குமோ! ஆணா பெண்ணா என்பதைக்கூட மணல்தான் தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண்.

நம் ஆட்கள் இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. ஐங்குறுநூற்றில் ஓரம்போகியார், பொய்கை ஆமையின் குஞ்சு தாய் முகத்தைப் பார்த்தே வளர்வதாகச் சொன்னார். சைவர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். பறவை தொட்டு அடைகாப்பது பரிச தீட்சை, மீன் பார்த்துப் பொரிப்பது நயன தீட்சை, ஆமை எங்கோ இருந்தபடி நினைத்தே பொரிப்பது மானச தீட்சை. முட்டையைப் போட்டுவிட்டுப் போன தாய்க்கு இத்தனை நூற்றாண்டு சாக்குத் தேடிய சமூகம் வேறு இருக்குமா தெரியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், நப்பசலையார் தேடிய அப்பன் அதே கடலில்தான் இருக்கிறான். கடல் கெளுத்தி. அம்மா அரிவாள்மனையில் கெளுத்தியை வைத்து வாயைப் பிளந்தால், சில நாள் உள்ளிருந்து கோலிக்குண்டு அளவில் மஞ்சள் முட்டைகள் உருண்டு விழும். பெட்டை என்றுதான் பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள். வயிற்றைக் கீறினால் ஆண். குடலில் இரை ஒன்றும் இருக்காது. பெட்டை இட்ட முட்டையை வாயில் வாங்கிக்கொண்டு, குஞ்சு பொரித்துத் தனியே நீந்தும்வரை வாரக்கணக்கில் பட்டினி கிடப்பான். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிள்ளை வளர்ப்பது என்று நாம் சொல்வதை அவன் அப்படியே செய்கிறான்.

பிள்ளை பார்க்கிற மீன் இனங்களில் அப்பன் மட்டுமே பார்ப்பதுதான் அதிகம். மீனில் முட்டை கருவாவது பெரும்பாலும் வெளியே, தண்ணீரில். அந்த நேரத்தில் ஆணும் அங்கேதான் இருக்கிறான், இடமும் பல இனங்களில் அவன் பிடித்து வைத்தது. அதைக் காக்கிறவன் முட்டையையும் சேர்த்துக் காத்துவிடலாம், இன்னொரு பெட்டை வந்தாலும் இடைஞ்சல் இல்லை. உள்ளே கருத்தரிக்கும் ஊர்வனவற்றில் முட்டை வெளிவரும்போது ஆண் எங்கேயோ. பெற்றோர் செலவழிக்கும் ஒவ்வொன்றும் அடுத்த பிள்ளைக்குப் போகக்கூடியது என்ற கணக்கை 1972-ல் ராபர்ட் டிரைவர்ஸ் எழுதிக் காட்டினார். கெளுத்தி சில பத்துப் பெரிய முட்டைகளில் முதலைப் போடுகிறது. ஆமை நூற்றுக்கணக்கில் இறைத்துவிட்டு, அடுத்த ஈட்டுக்குத் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்கிறது.

இது மாற்ற முடியாத விதியும் அல்ல. மரபணு ஆய்வுகள் ஆமைக்கு நெருங்கிய உறவு என்று காட்டுவது முதலையையும் பறவையையும்தான். அவை இரண்டும் குஞ்சைப் பார்ப்பவை. 1976-ல் ரோமுலஸ் விட்டேக்கர் வடநெம்மேலியில் தொடங்கிய முதலைப் பண்ணையில் ஜெஃப்ரி லாங் என்ற ஆய்வாளர், சதுப்புநில முதலையின் ஆணே குஞ்சுகளை வாயில் எடுத்துத் தண்ணீருக்குக் கொண்டுபோவதைப் பார்த்து, 1986-ல் எழுதினார். கழியோரத்துக் காவல்காரன் கதை நம் மாநிலத்திலேயே நடந்திருக்கிறது, ஆள்தான் வேறு.

ஆனால் பொறுப்பான அப்பன் எளிதில் அகப்படுவான். கர்நாடகக் கரையில் எழுபதுகளின் பின்பாதியில் சுருக்குமடி பரவியபோது, வாய் நிறைய முட்டையோடு கூட்டமாக நின்ற ஆண் கெளுத்திகளை மொத்தமாக வளைத்து அள்ளினார்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1980 வாக்கிலேயே எழுதி எச்சரித்தார்கள். பிறகு அந்தக் கரையில் கெளுத்திப் பாடு படுத்துப்போனது. எங்கள் மாவட்டத்தில் சுருக்குமடியை வைத்து ஊருக்கு ஊர் நடந்த சண்டையில் மத்தி, கானாங்கெளுத்தி பேச்சுதான் அடிபட்டது. இந்த அப்பனைப் பற்றி யாரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை. (கானாங்கெளுத்தி வேறு மீன், இந்தக் கெளுத்திக்கு உறவில்லை.)

ஆமை முட்டைக்கு வேறு வழி. கம்பால் மணலைக் குத்திப் பார்த்து, பொசுக்கென்று இறங்கும் இடத்தைத் தோண்டுவார்கள். வேகவைத்தால் மஞ்சள் கெட்டியாகும், வெள்ளை கெட்டியாகாது. 1977-ல் பங்குனி ஆமை வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலுக்குப் போனது. விற்பனை ஒளிந்துகொண்டது, உடனே நிற்கவில்லை. அதற்கு முன்பே, 1974-ல், விட்டேக்கரும் நண்பர்களும் சென்னைக் கரையில் முட்டைகளை எடுத்து வேலிக்குள் புதைத்துப் பொரிக்க வைத்தார்கள். 1988-லிருந்து அங்கே மாணவர்கள் இரவெல்லாம் நடக்கிறார்கள். எங்கள் பக்கம் வனத்துறை பொரிப்பகம் போடுகிறது. முட்டையைச் சில மணி நேரத்துக்குள், புரட்டாமல் எடுத்து வைக்கவேண்டும். தாமதித்துப் புரட்டினால் ஓட்டின் உட்புறம் ஒட்டத் தொடங்கிய கரு செத்துப்போகும். வெயிலும் ஒரு கவலை. சூடு ஏறினால் அத்தனையும் பெண்ணாகிவிடும் என்று மேலே நிழல் கட்டுகிற இடங்களும் உண்டு.

குஞ்சு விடும் அன்று நல்ல கூட்டம், படமும் எடுக்கிறார்கள். எனக்கு அதில் குறையில்லை. ஆனால் ஆமை இனம் போட்டு வைத்த கணக்கில் குஞ்சு மலிவு. பத்துப் பதினைந்து ஆண்டு பிழைத்து முட்டையிட வரும் தாய்தான் முதல். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெரிய ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவலையில் சிக்கினால் மூச்சுவிட மேலே வரமுடியாது. முட்டையிடும் கரைகளை ஒட்டி ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகு இழுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. இழுக்கிற படகின் விளக்கு செருதூர் மணலில் நின்றாலே தெரிகிறது.