சீனித்துளசி

பெயரில் துளசி ஒட்டிக்கொண்டாலும் இது சாமந்திக் குடும்பத்துச் செடி. பராகுவே நாட்டின் அமம்பாய் மலைப்பகுதி இதன் தாயகம். அங்குள்ள குவாரனி மக்கள் நெடுங்காலமாகக் கசப்பான மாத்தே பானத்தில் இதன் இலையைச் சேர்த்துக் குடித்துவந்தார்கள். தாவரவியலாளர் மொய்சேஸ் பெர்தோனி 1899இல் இதைத் தாவரவியலுக்கு அறிமுகப்படுத்தினார். 1931இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் இலையிலிருந்து இனிப்புத் தரும் ஸ்டீவியோசைடைப் பிரித்தெடுத்தனர். ஜப்பான் 1970களில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் அதை உணவில் சேர்க்க அனுமதி கிடைத்தது 2015 நவம்பரில்.

சென்னையை அடுத்த தாம்பரம் போன்ற இடத்துக்கு இந்தப் பயிர் வந்தால் வெயில்தான் எதிரி என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையான தடை பகலின் நீளம். பகல் ஏறக்குறைய 13 மணி நேரத்துக்குக் குறைந்தால் சீனித்துளசி மொட்டு விடத் தொடங்கும். அமம்பாயின் கோடைப் பகல் அந்த அளவைத் தாண்டுகிறது. சென்னையில் ஜூன் மாதத்து மிக நீண்ட பகல்கூட 13 மணியை எட்டுவதில்லை. அதனால் இங்கே செடி இலை கட்டி முடிப்பதற்குள் நுனியில் பொடிப்பொடியாக வெள்ளைப் பூக்கள் வந்துவிடும், புது இலைகள் சிறுக்கும், இனிப்பும் குறையும். மாடித்தோட்டத் தொட்டியில் நன்றாகத்தானே தழைக்கிறது என்று கேட்கலாம். தழைக்கும், ஆனால் தேநீருக்கு நாலு இலை கிள்ளுவது வேறு, ஏக்கர் கணக்கில் இலை அறுப்பது வேறு. மொட்டைக் கிள்ளிவிடலாம் என்றால் ஆள்கூலி தாங்காது. சாமந்திக்குச் செய்வதுபோல் இரவில் விளக்கு எரிக்கலாம்தான், ஆனால் காய்ந்த இலைக்குக் கிடைக்கும் விலையில் மின்கட்டணம் கட்டுப்படியாகுமா என்பது சந்தேகமே.

எஞ்சியிருப்பது தாமதமாகப் பூக்கும் ரகத்தை உருவாக்குவது. பதியன்குச்சி நட்டுப் பெருக்கினால் தாய்ச்செடியின் குணமே திரும்ப வரும். விதை வழியாகப் போனால்தான் வேறுபாடு கிடைக்கும். தன் மகரந்தத்தை ஏற்காத செடி என்பதால் நாற்றுக்கு நாற்று குணம் மாறும், முளைப்புத்திறனோ குறைவு. ஆனாலும் வழி புதிதல்ல. கரும்பு பூத்து விதை பிடிக்கும் ஊர் என்பதால்தான் 1912இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் அமைந்தது. அங்கே கரும்பு விஞ்ஞானிகள் பார்பரும் வெங்கட்ராமனும் உள்ளூர்க் காட்டு நாணலைக் கரும்போடு கலந்து உருவாக்கிய கோ 205 ரகம் 1918இல் பஞ்சாப் வயல்களுக்குப் போனது. இலை விவசாயிக்கு இடைஞ்சலான இந்தத் தெற்கத்திப் பூப்பு, கலப்பினம் உருவாக்குபவருக்கு ஆண்டு முழுவதும் கையில் இருக்கும் வசதி.

பூப்பைத் தள்ளிப்போட்டாலும் மழை மிச்சம். வேரில் தண்ணீர் தேங்குவது இந்தச் செடிக்கு ஆகாது. அடையாற்றை ஒட்டிய முடிச்சூரிலோ, அனுமதி வந்த அதே 2015 மழைக்காலத்தில் வீடுகளே வெள்ளத்தில் நின்றன.