கையால் ஏற்றிய விளக்கு

மின்கலத்தைத் தொட்டறியாத மாணவன் மின்சுற்றுக்கு வரைவிலக்கணம் எழுதிப் பரீட்சையில் வெல்வதை ஆசிரியராகிய நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். இந்நிலையை மாற்ற எழுந்த ஒரு முயற்சியின் வரலாறு நம் சிந்தனைக்குரியது.

1972இல், இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில், அன்று ஹோசங்காபாத் என வழங்கிய மாவட்டத்தின் 16 பாடசாலைகளில் அது தொடங்கிற்று. கிஷோர் பாரதி என்ற தொண்டு நிறுவனமும் ரசூலியாவிலிருந்த கிராம நிலையமும் அதனை முன்னின்று நடத்தின. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையான கிராமத்துப் பிள்ளைகள் சிறு குழுக்களாக அமர்ந்து, மலிவான பொருள்களைக்கொண்டு தாமே பரிசோதனை செய்தனர்.

மின்சாரப் பாடத்துக்கு உலர்மின்கலமும் சிறு மின்குமிழும் கம்பித் துண்டுகளும் போதுமானவை. கம்பியை எங்கே தொடுப்பது என்பதை ஆசிரியர் முந்திக்கொண்டு சொல்லிவிடலாகாது. கலத்தின் இரு முனைகளும் குமிழின் இரு தொடுகைகளும் இணைந்து சுற்று முற்றுப்பெற்றாலன்றி ஒளி பிறவாது. இவ்வுண்மையைப் பிள்ளை தவறித் தவறியே கண்டடைகிறது. பரீட்சையும் இதற்கேற்ப மாறிற்று: புத்தகத்தைத் திறந்துவைத்து விடையெழுதலாம், செய்முறைச் சோதனையும் உண்டு. மனனத்துக்கு அங்கே மதிப்பில்லை.

1978இல் மாவட்டம் முழுவதும் பரவிய இத்திட்டத்தை 2002இல் மாநில அரசு நிறுத்தியது. முப்பதாண்டு உழைப்பு ஓராணையால் முடிவுற்றது.

பெரியோர் சொன்னார் என்பதற்காக ஏலாது, செய்து பார்த்து ஒப்பும் பிள்ளை நாளை சமுதாயத்தையும் அவ்வாறே வினவும். திட்டத்தை ஆணையால் நிறுத்தலாம். ஆனால் ஒரு கலம், ஒரு குமிழ், ஒரு கம்பி கொண்டு நாளைக் காலை நம் வகுப்பில் அதனைத் தொடங்க எவருடைய ஆணையும் நமக்கு வேண்டியதில்லை.