ஆறு மாத அவகாசம்

அரசியலோ ஆர்ப்பாட்டமோ, எதைப் பேசினாலும் நண்பர்கள் இப்போது கைப்பேசியில்தான் கொண்டுபோய் முடிக்கிறார்கள். "அது காட்டுவதைத்தான் ஜனங்கள் நம்புகிறார்கள், சுயபுத்தி ஏது?" என்கிறார்கள். கைப்பேசி இல்லாத காலத்தில் மட்டும் எல்லாம் நம் இஷ்டப்படியா நடந்தது? நம் புதுச்சேரிக் கதையையே பாருங்கள்.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் இணைப்பு குறித்து வாக்களித்தவர்கள் 178 பேர். ஆதரவு 170, எதிர்ப்பு 8. அவர்கள் மக்கள் பிரதிநிதிகள். பொதுஜனம் வாக்களிக்கவில்லை. நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது.

சாமானியனிடம் கேள்வி வந்தது அதற்குப் பிறகுதான். 1956-ல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-ல் அமலுக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே வசித்த பிரெஞ்சுப் பிரஜைகள் இந்தியக் குடிமக்களானார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். சும்மா இருந்தாலும் அது ஒரு முடிவுதான்!

என் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. பிரெஞ்சில் படித்த நான் இங்கே அரசு குமாஸ்தாவானேன். பக்கத்து வீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் பாரீசில் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். சிறுவர்களான எங்களை யாரும் கேட்கவில்லை.

ஆனாலும் அப்பாவுக்கு யோசிக்க ஆறு மாதம் கிடைத்தது. திண்ணையில் வாதாடினார், பெரியவர்களைக் கேட்டார். இன்று கைப்பேசி 'சம்மதமா?' என்கிறது, படிக்காமலே அழுத்திவிடுகிறோம். நம்மிடம் குறைந்திருப்பது சுதந்திரமா, அவகாசமா? அவகாசம் என்றே எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?